நாலடிக் குழிக்குக் கீழே என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: ஹெந்தளைப் பக்கம் 10 பேர்ச் காணி வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வயலாக இருந்த இடம். பழைய உரிமையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்தடி உயரத்துக்குக் கிரவல் போட்டு நிரப்பியிருக்கிறார். அதில் இரண்டு மாடி வீடு கட்ட வேண்டும். மேசன் நாலடி தோண்டிப் பார்த்துவிட்டு, "கல் மாதிரி இருக்கிறது, ராப்ட் (வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கொங்கிறீற் தளம்) போட்டால் போதும், மண் சோதனை வீண் செலவு" என்கிறார். சோதிக்காமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி, சோதனை என்றால் எதைச் செய்யச் சொல்லிக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மைத்துனர் சொல்வதே சரி. ஆனால் மேசன் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது கல் மாதிரிதான் இருந்திருக்கும். ஐந்தடி கிரவலில் நாலடி தோண்டினால் கிரவல்தான் தெரியும். லொறியில் வந்த மண்ணைத்தான் அவர் பார்த்திருக்கிறார். உங்கள் காணியின் மண்ணை இன்னும் யாருமே பார்க்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 10 பேர்ச் என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஐந்தடி என்றால் ஒன்றரை மீற்றர். ஆக 380 கன மீற்றர் மண். நம் ஊர்க் கணக்கில் 130 கியூபுக்கு மேல். இறுகிய கிரவல் கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன் அளவில் கனக்கும் என்று வைத்தால், உங்கள் காணியின் முதுகில் இப்போதே ஏறத்தாழ 700 தொன் உட்கார்ந்திருக்கிறது. சதுர மீற்றருக்கு 27 கிலோநியூட்டன், அதாவது 27 கிலோபாஸ்கல். கொங்கிறீற் சட்டகமும் செங்கல் சுவரும் உள்ள வீட்டுக்கு நாங்கள் தோராயமாகப் போடும் கணக்கு மாடிக்கு 10 முதல் 12 கிலோபாஸ்கல். இரண்டு மாடிக்கு 20 முதல் 24. ஆகவே நீங்கள் கட்டப்போவது அந்தக் காணியின் இரண்டாவது வீடு. முதலாவது வீட்டைப் பழைய உரிமையாளர் கிரவலால் கட்டிவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கிறதா, அமுங்கி முடித்துவிட்டதா என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வத்தளை, ஹெந்தளை, பேலியகொடை ஆகிய இடங்கள் களனி கங்கையின் வெள்ளச் சமவெளியையும் முத்துராஜவெல சதுப்பையும் ஒட்டியவை. அங்கே மேல்மண்ணுக்குக் கீழே கறுத்த களியும் பீட் என்று நாங்கள் சொல்லும் மண்ணும் கிடக்கின்றன. பீட் என்பது உண்மையில் மண்கூட இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் பாதி மக்கிக் கிடக்கும் புல், வேர், இலை. துளையிடும் குழாயிலிருந்து அதை வெளியே எடுத்தால் அழுகிய முட்டை நாறும். கையில் பிழிந்தால் விரலிடுக்கில் கறுப்பு நீர் வழியும், உள்ளங்கையில் நார் மட்டும் மிஞ்சும். உங்கள் வீட்டுப் பக்கமாகக் கட்டுநாயக்கவுக்குப் போகும் அதிவேகப் பாதை 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அந்தப் பாதையைப் போட்டவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இந்த மண்தான். மேல்சுமை ஏற்றி, நீர் வடிய வழி செய்து, அமுங்கும்வரை காத்திருந்துதான் பல இடங்களில் பாதை போட முடிந்தது.

கொழும்பில் இது ஏதோ ஓரத்துப் பிரச்சினை அல்ல. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம் இது. கோட்டேயிலும் கொலன்னாவையிலும் இன்றைக்கும் சதுப்பு உண்டு. 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றியிருக்கும் ஏரியே சதுப்பைத் தோண்டி உண்டாக்கியதுதான். இந்த நகரத்தில் ஒரு தெருவில் கபுக் மேடு, அத்திவாரம் போட அலவாங்கு தேவைப்படும். அடுத்த தெருவில் கம்பியைக் கையால் அழுத்தினாலே மூன்று மீற்றர் இறங்கும். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரர் சோதிக்காமல்தான் கட்டினார், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் கொழும்பில் செல்லாது. அவர் வீடு வயலின் கரை மேட்டில் இருக்கலாம், உங்களுடையது வாய்க்காலின் மேல் இருக்கலாம்.

இனி வலிமை என்றால் என்ன என்பதற்கு வருவோம். கடையில் சட்டியோடு வாங்கும் எருமைத் தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு கரண்டியை மெதுவாக வைத்தால் தாங்கும். சற்று அழுத்தினால் ஓரிடத்தில் சட்டென்று வெட்டுப்பட்டு, கரண்டி உள்ளே போய்ப் பக்கத்துத் தயிர் மேலே எழும்பும். அந்த வெட்டுப்படும் இடத்தில் தயிர் காட்டிய எதிர்ப்பைத்தான் மண்ணில் ஷியர் வலிமை என்கிறோம். அதே தயிரைக் கரண்டியால் இரண்டு சுற்றுக் கலக்கிவிட்டு மறுபடியும் கரண்டியை வைத்துப் பாருங்கள். தயிர் அதேதான், தாங்கும் பலம் மட்டும் போய்விட்டிருக்கும். கலங்கிய களியும் அப்படித்தான். மூன்றாவதாக ஒன்று. தயிரின் மேல் ஒரு சிறிய தட்டை வைத்து இரவு முழுவதும் விட்டால், காலையில் நீர் பிரிந்து மேலே நிற்கும், தட்டு கொஞ்சம் கீழே போயிருக்கும், அடியிலிருக்கும் தயிர் நேற்றைவிடக் கெட்டியாக இருக்கும். மென்களி தொடர்பாக எனக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டியில் ஓர் உதாரணம் உண்டு.

பக்கத்துத் தயிர் மேலே எழும்பும் என்றேன் அல்லவா? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேலிருந்து குப்பை உருண்டு வந்தது மட்டுமல்ல அங்கே நடந்தது. மலையின் அடியிலிருந்த மென்மண் சுமையைத் தாங்காமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, வீடுகள் நின்ற தரையே மேலெழும்பியது. ஐந்தடி கிரவலை அந்த மலையோடு ஒப்பிட முடியாது, பயப்பட வேண்டாம். ஆனால் பொறிமுறை ஒன்றுதான்.

சோதனைகளில், எங்கு கேட்டாலும் முதலில் சொல்வார்கள் எஸ்பிடி என்று. துளையிட்டு, 63.5 கிலோகிராம் சுத்தியலை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவது. மணலுக்கும் இறுகிய மண்ணுக்கும் அருமையான சோதனை. மென்களிக்கு ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவாது. சுத்தியலைத் தூக்குவதற்கு முன்பே, கம்பிகளின் பாரத்திலேயே குழாய் அரை மீற்றர் இறங்கி நின்றதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்போது எண் பூச்சியம். பூச்சியம் என்றால் வலிமை 3 கிலோபாஸ்கலா 13 கிலோபாஸ்கலா என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வீடு நிற்பதும் சாய்வதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எண் பூச்சியம் என்று எழுத வெட்கப்படும் துளையிடுபவர்களும் உண்டு. வாடிக்கையாளர் நம்பமாட்டார் என்று 2 அல்லது 3 என்று எழுதிவிடுவார்கள். ஓர் அறிக்கையில் ஆறு மீற்றர் ஆழம்வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 3, 3, 4, 3 என்று இருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, தளத்தில் கையால் எழுதிய தாளைக் காட்டச் சொன்னேன். தாள் மழையில் நனைந்து தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது துளையை நான் நின்று போட வைத்தபோது நான்கு ஆழங்களில் கம்பி தானாக இறங்கியது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: தளத்தில் எழுதிய மூலத் தாளின் பிரதி வேண்டும், தட்டச்சு செய்தது மட்டும் போதாது.

மென்களிக்கென்றே பிறந்த சோதனை வேன் ஷியர். சுவீடன்காரர்கள் வளர்த்தெடுத்தது. அவர்களுடைய இருப்புப்பாதைகளும் களியில் வழுக்கிக்கொண்டிருந்தன. அமைப்பு மிக எளியது. கூட்டல் குறி வடிவில் நான்கு தகடுகள் ஒரு கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அதைத் துளையின் அடியிலிருந்து கலங்காத மண்ணுக்குள் அழுத்தி, மேலேயிருந்து மெதுவாகத் திருக வேண்டும். மண் ஓர் உருளையாக வெட்டுப்படும் கணத்தில் எவ்வளவு முறுக்கு விசை தேவைப்பட்டது என்று பார்த்தால் வலிமை கிடைத்துவிடும். பாக்கி எல்லாம் வடிவக் கணிதம். எங்களுக்குப் பிடித்த ஒரு தற்செயல் இதில் உண்டு. 65 மில்லிமீற்றர் விட்டமும் 130 மில்லிமீற்றர் உயரமும் உள்ள தகடு என்றால், முறுக்கு விசையை நியூட்டன் மீற்றரில் வாசிக்கும் எண்ணே ஏறத்தாழ கிலோபாஸ்கலில் வலிமையாகிவிடும். 16 என்று மானி காட்டினால் வலிமை 16. சேற்றில் நின்றுகொண்டு கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை.

"மெதுவாக" என்ற சொல்லில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. நிமிடத்துக்கு 6 பாகை. கடிகாரத்தின் நொடி முள் ஒரு நொடியில் நகரும் தூரத்தை நகர ஒரு முழு நிமிடம். வெயிலில் நிற்கும் பையனுக்கு இது சித்திரவதை. மானியின் முள் 5, 8, 11 என்று தயங்கித் தயங்கி ஏறும். 14க்குப் பிறகு மிக மெல்ல. 16இல் ஒரு கணம் நிற்கும். பிறகு கைப்பிடியில் எதிர்ப்பு சட்டென்று தளரும், முள் பின்வாங்கும். அந்தத் தளர்வு கையில் தெரியும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் இந்த நாடகத்தைப் பார்க்கப் பொறுமையில்லாமல் பத்து நொடியில் திருகி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் பத்து மடங்கானால் களியின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடுதலாகத் தெரியும். அதாவது இல்லாத வலிமையை அறிக்கையில் எழுதித் தருவார்கள். உச்சம் எடுத்த பிறகு தகட்டைப் பத்துச் சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு மறுபடியும் மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். அது கலக்கிய தயிரின் வலிமை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவது, இந்த மண்ணைத் தொந்தரவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கான அளவு. நான்கு, ஐந்து என்று வந்தால் அந்தக் காணியில் பைல் (ஆழத்துக்கு இறக்கும் தூண்) அடிக்கவும் குழி வெட்டவும் அவசரப்படாதீர்கள்.

வேன் தரும் எண்ணை அப்படியே எடுக்கவும் கூடாது. சோதனை சில நிமிடத்தில் முடிகிறது, உண்மையான சுமையோ வாரக்கணக்கில் ஏறுகிறது. பசைத்தன்மை கூடிய களியில் இந்த வித்தியாசம் அதிகம். நோர்வேயில் பணியாற்றிய பியெர்ரும் என்ற பொறியியலாளர், சரிந்த மண் அணைகளையும் கரைகளையும் பின்னோக்கிக் கணக்கிட்டு, 1972இல் ஒரு திருத்தக் காரணியைத் தந்தார். களியின் பசைமைச் சுட்டி 20 என்றால் திருத்தமே வேண்டாம். 60 என்றால் முக்கால் அளவுதான் எடுக்கலாம். 100ஐ நெருங்கினால் 0.6 சொச்சம். சுட்டி 60 என்று வைத்தால் நம் 16, 12 ஆகிவிடுகிறது. அறிக்கையில் இந்தத் திருத்தம் செய்திருக்கிறார்களா இல்லையா என்று ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் கேளுங்கள்.

பீட் வந்துவிட்டால் வேனையும் நம்ப முடியாது. நார்கள் தகட்டில் சுற்றிக்கொள்ளும், மண்ணை வெட்டுவதற்குப் பதிலாக நாரை இழுத்துக்கொண்டிருப்போம். எண் பெரிதாக வரும், சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் 1930களில் பிறந்த கூம்புச் சோதனை ஒன்று உண்டு. 10 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள 60 பாகைக் கூம்பை நொடிக்கு 20 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போவார்கள். நுனியில் எதிர்ப்பு, பக்கத்தில் உராய்வு, நவீனமானதென்றால் நீரழுத்தமும் பதிவாகும். இதன் பெருமை, எதையும் தவறவிடாதது. ஒவ்வொரு ஒன்றரை மீற்றரிலும் ஒரு மாதிரி எடுக்கும் துளைக்கு இடையில் ஒளிந்திருக்கும் 20 சென்ரிமீற்றர் மணற்படையைக்கூடக் கூம்பு காட்டிவிடும். அந்த மெல்லிய மணற்படை ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் கூம்பு நேரடியாக வலிமையைத் தருவதில்லை. எதிர்ப்பை 10க்கும் 20க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். எந்த எண் என்பதை அதே காணியில் செய்த வேன் சோதனையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கூம்பு மட்டும் செய்து 15 என்று கண்ணை மூடிக்கொண்டு வகுக்கும் அறிக்கை பாதி அறிக்கை. அதோடு கிரவலுக்குள் கூம்பு போகாது, முன்கூட்டித் துளைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இந்த இயந்திரத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நான்கு மாடித் தொடர்மனை என்றால் நான் விடமாட்டேன்.

கலங்காத மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிப்பது இதையெல்லாம்விட நாசூக்கான வேலை. மெல்லிய சுவருள்ள 75 மில்லிமீற்றர் குழாயை அடிக்காமல் அழுத்தி இறக்கி, சிறிது நேரம் விட்டு, மெதுவாகத் திருகி அறுத்து எடுத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்து, நிமிர்த்தியே வைத்துக் கொண்டுபோக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நானே இதைக் கெடுத்திருக்கிறேன். மூன்று குழாய்களை வாகனத்தின் பின்னால் படுக்கவைத்து, கீழே ஒரு சாக்குக்கூடப் போடாமல், வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீதியின் பள்ளங்களில் ஒரு மணிநேரம் குலுக்கிக்கொண்டு வந்தேன். ஆய்வுகூடம் 8 கிலோபாஸ்கல் என்றது. அதே ஆழத்தில் வேன் 17 காட்டியிருந்தது. மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. குழாயிலிருந்து தள்ளிய களியை ஒரு தட்டில் வைத்து, கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காட்டினார். நேர்கோடாக இருக்க வேண்டிய மெல்லிய படைகள் எல்லாம் ஓரங்களில் வளைந்து, நடுவில் குழம்பிக் கிடந்தன. நான் கொண்டுவந்தது கலக்கிய தயிர்.

நல்ல மாதிரி கிடைத்தால் ட்ரயக்ஸியலில், அதாவது சுற்றிலும் அழுத்தம் கொடுத்தபடி மேலிருந்து அழுத்தி உடைக்கும் கருவியில், வலிமை பார்ப்பார்கள். ஆனால் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பயன்படுவது ஈடோமீற்றர் சோதனை. மோதிரம் போன்ற வளையத்துக்குள் களி வட்டை வைத்து, படிப்படியாகப் பாரம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 24 மணிநேரம் விட்டு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். "ஏன் இவ்வளவு நாள்" என்று கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். மூன்று நாளில் தந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான சோதனை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் மதிப்பதில்லை: ஈரப்பதம். மாதிரியை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடியும் நிறுப்பது. மென்களியில் 100 கிராம் உலர்மண்ணுக்கு 70, 80 கிராம் நீர் இருக்கும். பீட்டில் 300 கிராமுக்கு மேலும் போகும். ஒவ்வோர் அரை மீற்றருக்கும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், எந்த ஆழத்தில் தொல்லை தொடங்கி எங்கே முடிகிறது என்ற படம் ஒரு தாளில் வந்துவிடும். என்னிடம் ஒரேயொரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரு துளை போட்டு இதைச் செய்யுங்கள் என்பேன்.

இப்போது நம் 12 கிலோபாஸ்கலைக் கணக்கில் போடுவோம். களியின் மேல் அகலமாக வைக்கும் சுமைக்கு, வலிமையை 5.14ஆல் பெருக்கினால் மண் உடையும் எல்லை வரும். 62 கிலோபாஸ்கல். கிரவல் 27, வீடு 22 என்றால் மொத்தம் 49. எல்லைக்கும் சுமைக்கும் உள்ள விகிதம் ஒன்றேகால். நாங்கள் கேட்பது மூன்று, மிக நன்றாகச் சோதித்த இடத்தில் இரண்டு. ஆக வீடு விழுந்துவிடும் என்று சொல்லவில்லை, அங்கே கட்ட எந்தப் பொறியியலாளரும் கையெழுத்து வைக்கக் கூடாது என்கிறேன்.

ஆனால் இங்கேதான் உங்கள் மேசனுக்காகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டு கிடந்ததால் இறுகிவிட்டது என்று அவர் நினைப்பதில் பாதி உண்மை உண்டு. தட்டின் கீழிருந்த தயிர் கெட்டியானதுபோல, கிரவலின் பாரத்தில் களியிலிருந்து நீர் வெளியேறி வலிமை கூடும். முழுதாக அமுங்கி முடிந்தால், ஏற்றிய சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வலிமை கூடும் என்பது அனுபவ விதி. 27க்கு ஏறக்குறைய 6. நிரப்புவதற்கு முன் 12 என்றால் இப்போது 18 ஆகியிருக்கலாம். 18 என்றால் எல்லை 92, விகிதம் 1.9. கதையே மாறிவிடுகிறது. கேள்வி, முழுதாக அமுங்கி முடிந்ததா என்பதுதான்.

களிப்படை நான்கு மீற்றர் என்று வைப்போம், நீர் வெளியேறும் குணகம் ஆண்டுக்கு ஒரு சதுர மீற்றர் என்று வைப்போம். இரண்டும் நம் பகுதிக்குப் பொருந்தாத எண்கள் அல்ல. களிக்கு அடியில் மணல் இருந்தால் நீர் மேலும் கீழும் வெளியேறும். இரண்டு ஆண்டில் 76 சதவீதம் அமுங்கி முடிந்திருக்கும். அடியில் நீர் புகாத மண் இருந்தால் மேல்வழி மட்டும்தான். அப்போது அதே இரண்டு ஆண்டில் 40 சதவீதம். வழி இரண்டு மடங்கு நீண்டால் காலம் நான்கு மடங்காகும். மண் பொறியியலாளர் டெர்சாகி 1925இல் எழுதிக்காட்டிய கணக்கு இது. கூம்புச் சோதனையில் தெரியும் மெல்லிய மணற்படைக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுத்தது இதனால்தான். தொடர்ச்சியாகப் போகும் ஒரு மணற்படை உங்கள் காத்திருப்பில் பல ஆண்டுகளைக் குறைத்துவிடும்.

மேசனின் குழி இதில் எதையுமே சொல்லாது. நாலடியில் கிரவல் கல்லாகத்தான் இருக்கும், கீழே 40 சதவீதமானாலும் 76 சதவீதமானாலும்.

உடைவதைவிட அமுங்குவதுதான் கொழும்பு வீடுகளை அதிகம் வதைக்கிறது. மேலே சொன்ன களிக்கு வழக்கமான அமுங்கு குணகங்களை இட்டுப் பார்த்தால், கிரவலுக்கு மட்டும் 40 சென்ரிமீற்றர் அளவில் அமுங்கும். அதில் கால்பங்கு மீதமிருக்கிறதா, பாதிக்கு மேல் மீதமிருக்கிறதா என்பது மேலே பார்த்த கணக்கு. அதன்மேல் வீட்டின் பாரத்துக்கு இன்னுமொரு 15, 20 சென்ரிமீற்றர். எல்லா இடமும் சமமாக இறங்கினால்கூடப் பரவாயில்லை, படியும் குழாயும் மட்டும்தான் கெடும். சமமாக இறங்குவதில்லை. வயலின் பழைய வரப்பு இருந்த பக்கம் குறைவாக, வாய்க்கால் இருந்த பக்கம் அதிகமாக இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். பூசி மறைத்தால் அடுத்த ஆண்டு மறுபடியும் வரும்.

ராப்ட் போட்டால் போதும் என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. ராப்ட் வீட்டைத் துண்டு துண்டாக இறங்கவிடாமல் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதன் அடியிலுள்ள களியின் வலிமையை அது கூட்டாது, மொத்த அமுக்கத்தையும் குறைக்காது. வெடிக்காத வீடு மொத்தமாகச் சாயலாம்.

சிலர் தகட்டுச் சோதனை செய்து தருகிறோம் என்பார்கள். 300 மில்லிமீற்றர் தகட்டைக் கிரவலின் மேல் வைத்து, மண் ஏற்றிய லொறியை எதிர்ப்பாரமாக நிறுத்தி அழுத்துவது. படம் எடுத்தால் கம்பீரமாக இருக்கும். அந்தத் தகட்டின் அழுத்தம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குத்தான், அதாவது இரண்டடிக்குத்தான் உணரப்படும். ஒன்பது மீற்றர் அகல வீட்டின் அழுத்தமோ பத்து மீற்றருக்கும் கீழே போகும். கனடாவில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் 1913இல் ஒரு பெரிய தானியக் களஞ்சியம், கோதுமை நிரம்பிக்கொண்டிருந்தபோது ஒரே நாளுக்குள் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது. அங்கேயும் அத்திவார மட்டத்தில் தகட்டுச் சோதனை செய்து பார்த்திருந்தார்கள். மேல்களி இறுக்கம், கீழ்களி மென்மை. கீழே யாரும் துளையிட்டுப் பார்க்கவில்லை. கையால் அடிக்கும் 8 கிலோகிராம் சுத்தியல் கொண்ட சிறிய கூம்புக் கருவிக்கும் அதே குறைதான். அது பாதை போடுகிறவர்களின் கருவி. கிரவல் எங்கே முடிகிறது என்று பார்க்க உதவும், அதற்கு மேல் அதைக் கேட்காதீர்கள்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் வேலைப் பட்டியல் இவ்வளவுதான். வீடு வரப்போகும் இடத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள். ஒன்று வாய்க்கால் பக்கமாக இருக்கட்டும். ஆழத்தை மீற்றரில் பேசி முடிக்காதீர்கள். "மென்மண் முழுவதையும் கடந்து, எஸ்பிடி எண் தொடர்ந்து மூன்று தடவை 15க்கு மேல் வரும்வரை" என்று எழுதுங்கள். கிரவலைக் கடந்த பிறகு ஒவ்வொரு மீற்றருக்கும் வேன் சோதனை, உச்சமும் கலக்கியதும். குறைந்தது இரண்டு கலங்காத மாதிரி, இரண்டுக்கும் ஈடோமீற்றர். அரை மீற்றருக்கு ஒரு ஈரப்பதம். பீட் இருந்தால் நிலத்தடி நீரில் அமிலத்தன்மையும் சல்பேட்டும் பார்க்கச் சொல்லுங்கள், சதுப்பின் கந்தகம் கொங்கிறீற்றை மெல்லத் தின்னும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தச் சோதனைகளுக்கு ஆய்வுகூடம் இருக்கிறது, தனியாரும் செய்கிறார்கள். யார் செய்தாலும் துளையிடும் நாளில் நீங்களோ மைத்துனரோ அங்கே நில்லுங்கள்.

இன்னொன்று, மண்ணோடு சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும். வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பக்கமும் போக வேண்டியிருக்கும். பழைய உரிமையாளரிடம் அந்தக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று சோதனைக்குக் காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கடிதத்திலுள்ள திகதி, கிரவல் எப்போது போடப்பட்டது என்பதையும் உறுதிப்படுத்தும். "இரண்டு ஆண்டு" என்பது விற்பவரின் வாயில் எட்டு மாதமாகவும் இருக்கலாம். கணக்கில் அது பெரிய வித்தியாசம்.

முடிவு எப்படி வந்தாலும் வழி உண்டு. 40 சதவீதப் பக்கமாக வந்தால், மேலே இன்னும் ஒன்றரை மீற்றர் மண்ணைத் தற்காலிகமாக ஏற்றி, களியின் நீர் சீக்கிரம் வெளியேற நாடா வடிகால்கள் இறக்கி, ஓர் ஆண்டுக்குள் மீதியையும் அமுக்கி எடுக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் பாரத்தை இப்போதைய வலிமை தாங்குமா என்று முதலில் கணக்குப் பார்த்து, படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். பக்கத்து வீட்டு மதிலையும் அது இழுக்கும் என்பதால் பத்துப் பேர்ச்சில் அது சங்கடம். அல்லது இறுகிய மண்வரை பைல் இறக்கலாம். அப்போது அமுங்கிக்கொண்டிருக்கும் களி பைலைத் தன்னோடு கீழே இழுக்கும், அந்த இழுவையையும் கணக்கில் சேர்க்கும் பொறியியலாளராகப் பாருங்கள். 76 சதவீதப் பக்கமாக வந்து வலிமையும் 17, 18 என்று இருந்தால், சுவரைக் குறைத்து, மேல்மாடியை இலேசாக்கி, கெட்டியான வளைகளோடு ராப்ட் போட்டுப் பார்க்கலாம். மேசன் சொன்ன அதே ராப்ட்தான், ஆனால் தெரிந்து போடுவது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்து, கிரவலில் நான்கு இடத்தில் கம்பி நட்டு மாதாமாதம் மட்டம் எடுத்துக்கொண்டிருப்பேன். இறங்குவது நின்றதா என்று காணியே சொல்லிவிடும், அதற்குச் செலவும் இல்லை.

மேசனோடு சண்டை வேண்டாம். அவர் தோண்டிய குழியை மூடவும் வேண்டாம். அதற்குள் இன்னும் ஓரடி தோண்டச் சொல்லி, கிரவல் முடியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழியைச் சுற்றிப் பலகை வைத்துப் பிள்ளைகள் விழாமல் பார்த்துக்கொண்டு, நாளைக் காலையில் போய் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு தடியால் அளந்து திகதியோடு குறித்து வையுங்கள். துளையிட வருபவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.